அமுதக் குடத்து ஊரில் அதிகாலைக் காபி

‘கோயில் பெருத்தது கும்பகோணம்’ என்பது முதுமொழி. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த அவ்வூரில் எந்தத் தெருமுனையில் நின்று திரும்பினாலும் ஒரு கோபுரம் கண்ணில் படும். கைகள் தாமே குவியும். வைகறையில் அத்தெருக்களில் நடப்பவர்களுக்குக் கோபுரம் தெரிவதற்கு முன்னரே வேறொன்று வந்து சேர்ந்துவிடுகிறது. பித்தளை வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும் காபியின் மணம் அது.

ஊழி வெள்ளத்தில் பிரமன் மிதக்கவிட்ட அமுதக் குடம் இத்தலத்தில் வந்து தங்கியது என்றும், சிவபெருமான் வேடன் வடிவில் தோன்றி அம்பெய்து அக்குடத்தை உடைத்தார் என்றும் தல புராணம் கூறுகிறது. சிந்திய அமுதம் தேங்கிய இடங்களே மகாமகக் குளமும் பொற்றாமரைக் குளமும். உடைந்த குடத்தின் ஓடுகளோடு அமுதம் நனைந்த மணலையும் சேர்த்து லிங்கமாக்கி, இறைவன் அதிலேயே உறைந்தான். அவனே ஆதிகும்பேஸ்வரன். மணலால் ஆன திருமேனி ஆதலால் மூலவருக்கு நீரால் அபிஷேகம் செய்வதில்லை. புனுகு சாத்துவதே வழக்கம். சில வீதிகள் தள்ளிப் பள்ளிகொண்டிருக்கும் சாரங்கபாணிப் பெருமாளுக்கோ ஆராவமுதன் என்றே திருநாமம். எவ்வளவு பருகினாலும் தெவிட்டாத அமுதம் என்பது அதன் பொருள்.

சைவமும் வைணவமும் ஒருங்கே அமுதத்தின் பெயரால் போற்றும் திருத்தலத்தில், சாதாரணக் காபியைப் பற்றிப் பேசலாமா என்று சில அன்பர்கள் தயங்கக்கூடும். ஆனால், இரவெல்லாம் ரயிலில் அமர்ந்து வந்து, முழங்கால் வலியோடு நடைமேடையில் இறங்கும் எழுபது வயதுப் பெரியவர் அந்த ஐயத்தை எழுப்புவதில்லை. அவருக்குத் தெரியும்: சுவாமி தரிசனம் யாத்திரையின் உயிர் என்றால், வழியில் கிடைக்கும் ஒரு குவளைச் சூடு அதன் உடல். உடல் சற்றுத் தேறினால்தான் உள்ளம் சந்நிதியில் நிற்கும்.

பெயர்ப் பலகை இல்லாத கடைகள்

கும்பகோணத்தில் நல்ல காபிக் கடையைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு சிறு யாத்திரை. பெரிய விடுதிகளின் விளக்கு வெளிச்சத்தில் அது அகப்படுவதில்லை. சந்நிதித் தெருக்களின் திருப்பங்களில், மடவிளாகங்களில், பாத்திரக் கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே இரண்டு ஆள் அகலமே உள்ள இடத்தில் அது இருக்கும். முன்புறம் ஒரு மேடை, அதன்மேல் பால் பாத்திரம், பின்னால் வரிசையாக வடிகட்டிகள், சுவரில் மாலை சூட்டிய சுவாமி படம், அதன்கீழே ஊதுவத்தி. அமர்வதற்கு ஒரு விசுப்பலகை இருந்தால் அதுவே பெரிது. சில கடைகளுக்குப் பெயரே கிடையாது. அல்லது பெயர்ப் பலகையின் எழுத்துகள் மழையில் கரைந்து, ஊரார் வாய்மொழியில் மட்டும் பெயர் வாழும்.

கும்பேஸ்வரர் கோயிலைச் சார்ந்து, அம்பாள் மங்களாம்பிகையின் பெயரையே தாங்கிய பழைமையான காபி ஹோட்டல் ஒன்று உண்டு. அம்பாளை வணங்கிவிட்டு அம்பாள் பெயர் கொண்ட கடையில் காபி அருந்துவது பல குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம். ஆனால் எல்லோரும் அறிந்த கடையோடு தேடல் முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு கோயிலின் நிழலிலும் அந்தந்தக் கோயிலுக்கென்று ஒரு கடை இருக்கிறது. அதை உள்ளூர்க்காரர்கள் விளம்பரப்படுத்துவதில்லை. அதைக் கண்டடையும் இன்பத்தை வெளியூர் அன்பருக்கே விட்டுவைத்திருக்கிறார்கள் போலும்.

கண்டடைவதற்கு ஒரு வழி உண்டு. கோயிலில் பணிபுரிவோர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். பூத்தொடுப்பவர், நாகஸ்வரக் கலைஞர், மெய்க்காவலர், சந்நிதியில் கோலமிட்டு முடித்த பெண்கள் ஆகியோர் நாள்தோறும் வருகிற கடையில் பால் கெட்டிருக்க வழியில்லை. ஒரு நாள் ருசி குறைந்தால் மறுநாள் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். வந்துபோகும் பயணியை ஏமாற்றலாம். அன்றாடம் வருபவரை ஏமாற்ற இயலாது.

இன்னொரு அடையாளம் பால் காயும் முறை. நல்ல கடையில் பாலை மொத்தமாகக் காய்ச்சி நாள் முழுதும் கொதிக்கவிட மாட்டார்கள். சிறிது சிறிதாகக் காய்ச்சுவார்கள். திரும்பத் திரும்பக் கொதித்த பாலில் ஒருவகைக் காந்தல் வாடை ஏறும். காபியின் மணம் அதில் அமிழ்ந்துபோகும். அதனால்தான் சில கடைகள் காலைப் பால் தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடுகின்றன. ஒன்பது மணிக்கு வந்து கேட்டால், “பால் ஆயிடுத்து மாமா, சாயங்காலம் வாங்கோ” என்ற பதிலே கிடைக்கும். கேட்பவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்த மறுப்பே கடையின் தரத்துக்குச் சான்று.

டிகிரி என்ற பெயர்

‘டிகிரி காபி’ என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு மூன்று விளக்கங்கள் வழங்குகின்றன. பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியில் உள்ள ‘டிகிரி’ என்ற அளவைக் குறியிலிருந்து வந்தது என்பது முதலாவது. தண்ணீர் கலவாத பாலுக்கே உரிய டிகிரி காட்டிய பாலில் கலந்த காபி, டிகிரி காபி ஆயிற்று. சிக்கரி என்ற சொல்லே நாவில் திரிந்து டிகிரி ஆனது என்பது இரண்டாவது. முதல் முறை இறங்கும் கெட்டியான டிகாக்‌ஷனையே அப்பெயர் குறித்தது என்பது மூன்றாவது. இவற்றுள் ஊரார் பெரிதும் விரும்பிச் சொல்வது முதல் விளக்கத்தையே.

பால்மானி எளிய கருவி. பாலில் மிதக்கவிட்டால், அடர்த்தி மிகுந்த பாலில் உயர்ந்து நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் ஆழ்ந்து போகும். ஆனால் அதையும் ஏமாற்ற வழியுண்டு. ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். பிறகு தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி குறைந்து பழைய அளவுக்கே வந்து நிற்கும். கருவி வாய்மை என்று காட்டும். நாக்கு பொய் என்று சொல்லும். ஆகவே பழைய கடைக்காரர்கள் கருவியை நம்பியதைவிடப் பால்காரரின் குணத்தையும், தம் விரலில் ஒட்டும் பாலின் பதத்தையுமே நம்பினார்கள். ‘கள்ளிச் சொட்டுப் போல’ என்று அந்தப் பதத்துக்கு ஓர் உவமையும் தஞ்சைச் சீமையில் உண்டு. கள்ளிச் செடியைக் கிள்ளினால் வடியும் பாலைப் போல வெளுத்துக் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

கொட்டையிலும் வகைகள் உண்டு. காபிப் பழத்தினுள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் ஒன்றையொன்று தட்டையாக ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒரே கொட்டை உருண்டையாக விளையும், அதுவே பீபெரி. மணத்துக்கு அராபிகா, அழுத்தத்துக்கு ரோபஸ்டா என்று கலப்பார்கள். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் நிறமும் கெட்டித்தன்மையும் கூடும். கலவைத் தூளில் நூற்றுக்கு 51 பங்கேனும் காபி இருக்க வேண்டும் என்பது அரசு விதி. எவ்வளவு சேர்ப்பது என்பதில் கடைக்குக் கடை கைப்பக்குவம் மாறும். சிக்கரியே கூடாது என்பாரும், சிறிதேனும் இல்லாவிட்டால் காபி ‘நிற்காது’ என்பாரும் ஒரே விசுப்பலகையில் அமர்ந்து வாதிடுவதைக் குடந்தையில் எந்நாளும் கேட்கலாம்.

யாத்திரிகர் மடியில் வந்த விதை

யாத்திரை செல்லும் அன்பர்களுக்குக் காபியின் வரலாற்றில் மகிழத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. இந்த நாட்டுக்குக் காபி வந்ததே ஒரு யாத்திரிகரின் மடியில்தான் என்பது மரபுவழிச் செய்தி. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடான் என்ற இஸ்லாமியப் பெரியார் மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில், யேமன் நாட்டிலிருந்து ஏழு காபி விதைகளை மறைத்துக் கொணர்ந்து, சிக்கமகளூரை அடுத்த மலையில் விதைத்தார் என்பர். அந்த மலைத்தொடர் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தத்தாத்ரேயர் தவமிருந்த இடம் என்று இந்துக்களும் அங்கே சென்று வணங்குகிறார்கள்.

தமிழ்நாட்டு மலைகளில் காபி பயிரானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் அதைப் பயிரிடத் தொடங்கினார். பிறகு நீலகிரியிலும், தண்டாயுதபாணி அருளாட்சி புரியும் பழநிக்கு மேலுள்ள மலைத்தொடரிலும் பரவிற்று. கோடை மழை பெய்த சில நாள்களில் காபிச் செடிகள் ஒருசேரப் பூக்கும். பார்ப்பதற்கு மல்லிகைக் காடு போலவே தோன்றும். மணமும் மல்லிகையை ஒத்திருக்கும்.

தமிழ் இல்லங்களுக்குள் காபி நுழைந்து பெரும் பழக்கமானதோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். அதற்கு முன் விடியற்காலைப் பானம் என்றால் பழைய சோற்றின் நீராகாரமே. அந்த மாற்றத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி, ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்றே தம் நூலுக்குப் பெயரிட்டிருக்கிறார். இன்று ‘நம் பாட்டன் காலத்துப் பழக்கம்’ என்று பெருமையோடு சொல்லப்படுவது, அந்தப் பாட்டனின் பாட்டி அறியாத பழக்கம்.

விளிம்பு மடித்த டம்ளர்

காபிக்கென்றே டபரா டம்ளர் என்ற இணை அமைந்தது. டம்ளரின் வாய் வெளிப்புறம் மடிந்திருக்கும். சூடான பாத்திரத்தை அந்த விளிம்பில் பற்றித் தூக்கலாம். உதட்டில் படாமல் அண்ணாந்து அருந்தினாலும் சிந்தாது. அகன்ற டபராவில் ஊற்றி ஆற்றினால் சூடு விரைவில் தணியும், நுரையும் எழும். பல் கூசும் வயதில் டபராவின் அருமை நன்கு புரியும். பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கும்பகோணத்தில், ஈயம் பூசிய பித்தளை டபரா வாங்காமல் திரும்பும் குடும்பங்கள் குறைவு. குத்துவிளக்குக்குப் புகழ் வாய்ந்த நாச்சியார்கோயிலும் அருகிலேயே இருக்கிறது.

ஆனால் அந்த மடித்த விளிம்பு வேறொன்றையும் நினைவூட்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்துக் காபி ஹோட்டல்கள் பலவற்றில் ‘பிராமணாளுக்கு மட்டும்’ என்றும், தனித்தனி இடம் என்றும் பலகைகள் தொங்கின. சிலருக்கு உள்ளே இருக்கையும் சிலருக்கு வாசற்படியும் என்று பிரித்தார்கள். சிலருக்கு வாசற்படியும் இல்லை. பாத்திரங்களும் தனித்தனியே இருந்தன. அக்காலத்தில் சிறுவர்களாக இருந்த சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். உள்ளே அமர்ந்தவருக்கு அது பழைய நினைவு. வாசலில் நின்றவருக்கு அது ஆறாத வடு. போராட்டங்களாலும் சட்டத்தாலும் காலமாற்றத்தாலும் அந்தப் பலகைகள் இறங்கின.

இன்று அதே ஊரின் சிறு கடைகளில் வேதம் ஓதுபவரும், தேர்வடம் பிடிப்பவரும், குளத்தைத் தூய்மை செய்பவரும் ஒரே மேடையில் டம்ளரை வைத்து நிற்கிறார்கள். நிற்க இடம் போதாததால் தோளோடு தோள் உரசுகிறது. அந்த நெருக்கடியை ஓர் இடைஞ்சலாகக் கருத வேண்டியதில்லை. தேர்த் திருநாளில் வடத்தின்முன் எல்லாரும் ஒன்றாக நிற்பதற்கு எந்த உணர்வு காரணமோ, அதன் சிறு துளி காபிக் கடை வாசலில் அன்றாடம் கிடைக்கிறது. சிறிய கடைகளைப் போற்றுவதற்கு ருசியைக் காட்டிலும் வலுவான காரணம் இதுவே.

மகா பெரியவரின் அறிவுரை

கும்பகோணத்தில் காபியைப் பாராட்டி எழுதும்போது, அதே ஊரோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு மகானின் கருத்தை மறைப்பது முறையாகாது. காஞ்சி காமகோடி பீடத்தின் மடம் நெடுங்காலம் கும்பகோணத்திலிருந்துதான் இயங்கிற்று. 1907-ஆம் ஆண்டு இளம் வயதிலேயே பீடமேறிய மகா பெரியவர், பட்டையும் காபியையும் விட்டுவிடும்படி தம்மை நாடி வந்த குடும்பங்களிடம் எடுத்துச் சொன்னதை அன்பர்கள் பலரும் அறிவர். வேண்டாத செலவு மிஞ்சினால் அது ஏழை எளியவருக்கு உதவும் என்பது அவர் எண்ணம். சமைப்பதற்கு முன் ஒரு பிடி அரிசியை இல்லாதவருக்காக எடுத்துவைக்கும் பிடி அரிசித் திட்டமும் அதே கருணையிலிருந்து பிறந்ததே.

அவர் சொல்லை ஏற்று, அன்றே டம்ளரைக் கவிழ்த்தவர்கள் உண்டு. விட முடியாமல் வருந்தியவர்கள் அதைவிட மிகுதி. காசிக்குச் சென்றால் விருப்பமான காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட்டுவிட்டு வருவது வழக்கம். பாகற்காயை விட்டேன், பலாப்பழத்தை விட்டேன் என்பார்களே தவிர, காபியை விட்டேன் என்று சொல்லக் கேட்பது அரிது. ஏகாதசி விரதத்தில் காபி சேருமா சேராதா என்ற வழக்கு இன்னும் பல இல்லங்களில் தீர்ப்பாகாமலே நிற்கிறது. ‘பால்தானே’ என்பார் ஒருவர்; ‘பாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்பார் மற்றவர்.

மகானின் சொல்லுக்கும் நாவின் ஆசைக்கும் நடுவே நிற்கும் எளிய மனிதருக்கு ஒரு வழி இருக்கிறது. அது அளவு. வீட்டில் நான்கு முறை அருந்துவதை யாத்திரையில் ஒரு முறையாகக் குறைக்கலாம். அந்த ஒரு முறையையும் தரிசனம் முடித்து, மனம் நிறைந்தபின் வைத்துக்கொள்ளலாம். மீந்த காசு உண்டியலுக்கோ, கோசாலைப் பசுவுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரைக்கோ ஆகட்டும். காபியைத் தருவது பசுவின் மடி அல்லவா? அதற்குத் திருப்பிச் செலுத்தும் நன்றியாகவும் அது அமையும்.

கோபுரத்துக்குக் கோபுரம் ஒரு நிறுத்தம்

ஒரே நாளில் கும்பகோணத்துக் கோயில்கள் அனைத்தையும் தரிசித்துவிட எண்ணுவது முதுமைக்கு ஏற்றதன்று. விடியலில் மகாமகக் குளத்தில் தொடங்குவது நலம். கோவிந்த தீட்சிதர் எழுப்பிய 16 மண்டபங்கள் குளத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. குளத்தினுள் 20 தீர்த்தக் கிணறுகள் இருக்கின்றன. கரையிலுள்ள காசி விஸ்வநாதர் கோயிலில் ஒன்பது நதிகளும் கன்னியர் வடிவில் காட்சி தருகின்றன. தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, கரையோரத் தெருவில் பால் பொங்கும் கடையைத் தேடினால், இளவெயிலில் நின்றபடியே அருந்தலாம்.

அங்கிருந்து நாகேஸ்வரர் கோயில் அருகில்தான். சித்திரை மாதத்துச் சில நாள்களில் கதிரவனின் ஒளி கருவறையுள் புகுந்து லிங்கத் திருமேனியைத் தொடுமாறு சோழர் காலச் சிற்பிகள் அமைத்த ஆலயம் அது. கருவறைப் புறச்சுவரில் நிற்கும் சிற்பங்களின் முகங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவசரமாகச் சுற்றி வருபவருக்கு அவை தம்மைக் காட்டுவதில்லை.

அடுத்தது சாரங்கபாணி கோயில். 11 நிலை இராஜகோபுரம். குதிரையும் யானையும் இழுக்கும் தேர் வடிவக் கருவறை. அதில் சற்றே எழுந்து அருள்புரிவது போன்ற சயனக் கோலத்தில் ஆராவமுதன். அந்தப் பெருமாளைப் பாடிய நம்மாழ்வார் பாசுரங்கள் பத்தைச் செவியுற்ற நாதமுனிகள், ஆயிரத்தில் பத்து என்ற குறிப்பை அதில் கண்டு, மற்றவை எங்கே என்று தேடிப் புறப்பட்டார். அந்தத் தேடலால் நாலாயிர திவ்வியப் பிரபந்தம் மீண்டும் நமக்குக் கிடைத்தது. சிறிய ஒன்றின் சுவையில் மயங்கி, அதன் மூலத்தைத் தேடி நடப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. கோயிலின் சந்நிதித் தெருவிலேயே கணித மேதை இராமானுஜன் வாழ்ந்த இல்லம் இருக்கிறது. திண்ணையோடு கூடிய சிறிய வீடு, இப்போது நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. 1880 முதல் 1903 வரை இவ்வூர்க் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ. வே. சாமிநாதையரும் நடந்த வீதிகள் இவை.

அதன்பின் கும்பேஸ்வரரையும் மங்களாம்பிகையையும் தரிசிக்கலாம். கோயிலின் முன்மண்டபப் பாதையில் இருபுறமும் கடைகள். குங்குமம், விளக்கு, பித்தளைச் சாமான்கள். நடை சாத்தும் நேரம் நண்பகலில் வந்துவிடும். மாலையில் இராமசாமி கோயிலின் தூண் சிற்பங்களையும் பிராகாரச் சுவரில் தீட்டிய இராமாயண ஓவியங்களையும் கண்டுவிட்டு, காவிரிக் கரையை நோக்கிச் சக்கரபாணி கோயிலுக்குச் செல்லலாம். மாலைப் பால் கறந்து வந்த நேரம் அது. “அரைச் சக்கரை போதும்ப்பா, லைட்டா குடு” என்று முதியவர் சொன்னால், “சுகரா மாமா? சக்கரையே போடலை, பாலே இனிக்கும்” என்று கடைக்காரர் சொல்லக் கேட்கலாம். பசும்பாலுக்கு உள்ள இயல்பான இனிப்பு, சர்க்கரை சேர்க்காதபோதுதான் நாவுக்குப் புலனாகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இறைவன் வைத்த ஆறுதல் அது.

நெடுஞ்சாலையும் காகிதக் குவளையும்

இப்போது தமிழகத்தின் நெடுஞ்சாலைகளில் எங்கு சென்றாலும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பலகை தென்படுகிறது. பித்தளை டபராவும் வைத்திருக்கிறார்கள். ஊரின் பெயர் இவ்வாறு பரவியது பெருமையே. அவற்றுள் நல்ல கடைகளும் உண்டு. ஆனால் பெயர் ஊரைவிட்டுப் புறப்பட்டுச் சென்ற அதே காலத்தில், பெயருக்குக் காரணமான சிறு கடைகள் ஊருக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கதவடைக்கின்றன என்பது கவலைக்குரியது.

காரணங்கள் பல. ஊரை ஒட்டிய கொல்லைகளில் கறவை மாடுகள் குறைந்தன. பால் பாக்கெட்டில் வருகிறது. அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் தொழிலுக்குப் பிள்ளைகள் வர விரும்புவதில்லை. படித்து வெளியூர் சென்ற மகனைக் குறை கூறவும் இயலாது. கட்டட வாடகை ஏறிவிட்டது. பாத்திரம் தேய்க்க ஆள் கிடைக்காததால் காகிதக் குவளை வந்தது. காகிதக் குவளையில் காபியை ஆற்ற முடியாது. அண்ணாந்து அருந்த முடியாது. கையில் சுடும், நாவில் மணக்காது. அருந்தியபின் அது சந்நிதித் தெருவிலேயே கிடக்கும். காற்றடித்தால் திருக்குளத்துக்குப் போய்ச் சேரும்.

2016-ஆம் ஆண்டு மகாமகத்துக்கு இலட்சக்கணக்கான அடியார்கள் கும்பகோணத்துக்கு வந்தார்கள். குரு சிம்ம ராசியில் நிற்க, மாசி மாதத்து மக நட்சத்திரத்தில் நிகழும் அந்தப் புனித நீராடல் மீண்டும் 2028-இல் வரவிருக்கிறது. அத்தனை பேர் வருகையில் காகிதக் குவளையைத் தவிர்க்க இயலாமல் போகலாம். சாதாரண நாள்களிலேனும் தவிர்க்கலாம். “டம்ளர்லயே குடுங்கோ” என்று ஒவ்வொருவரும் கேட்டால், தேய்ப்பதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளக் கடைக்காரருக்கும் துணிவு பிறக்கும். வீட்டிலிருந்தே ஒரு டம்ளரைக் கைப்பையில் கொண்டு செல்வதும் பெரிய பாரமன்று. முன்னாளில் யாத்திரை சென்ற பெரியோர் கூஜாவும் செம்பும் இல்லாமல் வீட்டுப்படி இறங்கியதில்லை.

கோயில்களைக் காப்பதற்கு அரசும் அறநிலையத்துறையும் திருப்பணிக் குழுக்களும் இருக்கின்றன. கோயிலைச் சுற்றி வாழும் சிறு தொழில்களைக் காப்பதற்கு வருகிற அடியாரை விட்டால் வேறு யாருமில்லை. தெருவோரத்தில் பூத்தொடுக்கும் அம்மாளிடம் ஒரு முழம், பாத்திரக் கடையில் ஒரு விளக்கு, பெயர்ப் பலகை இல்லாத கடையில் ஒரு காபி: இந்தச் சிறு சிறு செலவுகளால்தான் சந்நிதித் தெரு உயிரோடிருக்கிறது. தெரு உறங்கிப்போனால் கோயில் தனித்துப்போகும்.

ஆகவே கும்பகோணம் செல்லும் அன்பர்கள், தங்கும் விடுதியின் அறைக்கே காபி வரவழைப்பதை ஒரு நாளேனும் நிறுத்தி, விடியலில் கைத்தடியை எடுத்துக்கொண்டு சந்நிதித் தெருவுக்கு நடக்கட்டும். பழைய கடை மூடியிருந்தால் மனம் தளர வேண்டாம். அடுத்த தெருவில் விசாரிக்கலாம். ஆலயமணி எந்தப் பக்கம் கேட்கிறதோ, அந்தப் பக்கமே பால் கொதிக்கும் ஓசையும் கேட்கும். ஆராவமுதனையும் ஆதிகும்பேஸ்வரனையும் மனமார வணங்கி, கடைக்காரரிடம் நாலு வார்த்தை நலம் விசாரித்து, நிதானமாக ஆற்றி அருந்தலாம். அங்கே ஒரு டம்ளர் போதும். இரண்டாவதை எதிர்பார்த்து வரிசையில் இன்னொருவர் நிற்பார்.